எண்ணூர் அணியின் ஜோடித் தாள்

எழில்மொழி, பெண், வயது 31, தகப்பனார் பெயர் சின்னப்பையன், 14ஆவது பிளாக், இரண்டாவது மாடி, வாரியக் குடியிருப்பு, வியாசர்பாடி, சென்னை என்பவர் 17.11.2025 அன்று காலை 11 மணிக்குக் காவல் நிலையத்தில் ஆஜராகிச் சொல்லக் கேட்டுப் பதிவு செய்த கூடுதல் வாக்குமூலம்.

நான் மேற்படி முகவரியில் ரயில்வேயில் ஓய்வு பெற்ற என் தகப்பனார், என் அண்ணன் அறிவு, அண்ணி ஆகியோருடன் குடியிருந்து வருகிறேன். பள்ளி நாள் முதல் கூடைப்பந்து ஆடினேன். எங்கள் பகுதியில் எல்லோரும் கால்பந்து ஆடுவார்கள், நான் மட்டும் கையால் ஆடினேன். மாநில அணி வரை போனேன். 26 வயதில் வலது முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்து, அதன் பிறகு ஆட முடியவில்லை. அதன் பிறகு ஆட்டங்களின் வீடியோவைப் பார்த்துக் குறிப்பெடுக்கும் வேலையைக் கற்றுக்கொண்டு, இரண்டு வருடமாக எண்ணூர் ஆங்கர்ஸ் என்ற தொழில்முறை கூடைப்பந்து அணியில் வீடியோ ஆய்வாளராக இருந்தேன். மேற்படி அணி திருவொற்றியூரில் உள்ள உள்ளரங்கத்தில் ஆடி வருகிறது.

என் வேலை என்ன என்று கேட்டதற்குச் சொல்கிறேன். கூடைப்பந்தில் ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர், ஆட்டம் நான்கு கால் பகுதியாக நடக்கும். எதிரணியின் ஐந்து பேரில் ஒவ்வொருவரையும் நம் அணியில் ஒருவர் தடுத்து ஆட வேண்டும். அதை நாங்கள் பிடிப்பது என்போம். யார் யாரைப் பிடிக்கிறார்கள் என்பதுதான் ஜோடி. எந்த அணி பெரிய அணி, எது சின்ன அணி என்று பார்த்தால் ஆட்டத்தின் முடிவு தெரியாது. ஜோடியைப் பார்த்தால் பெரும்பாலும் தெரியும். சீசனின் முதல் ஆட்டங்களில் இன்னும் நன்றாகத் தெரியும், ஏனென்றால் அப்போது எந்த அணியும் தன் பழைய பழக்கத்தை மாற்றியிருக்காது.

இந்த வருடம் சீசன் தொடங்கும் முன் முதல் ஆறு ஆட்டங்களுக்கும் ஜோடி பார்த்து, முடிவு என்னவாக வரும் என்று இரண்டு பக்கத் தாளில் கையால் எழுதி, 07.10.2025 அன்று பயிற்சியாளர் அப்துல் வஹாப் அவர்களிடம் கொடுத்தேன். முதல் பக்கத்தில் மூன்று ஆட்டம், இரண்டாம் பக்கத்தில் மூன்று ஆட்டம்.

அதன் பிறகு 11.10.2025 அன்று ஹைதராபாத் அணியுடன் முதல் ஆட்டம் நடந்தது. அவர்களுடைய சென்டர் என்ற நடு ஆட்டக்காரர் ஆறு அடி பத்து அங்குலம். ஆனால் கூடைக்கு அடியில் இருந்து வெளியே வர மாட்டார். எங்கள் சென்டர் தூரத்தில் இருந்து சுடுவார், அதாவது கூடைக்கு எறிவார். அவரைப் பிடிக்க அந்த உயரமான ஆள் வெளியே வந்தால் கூடைக்கு அடியில் இடம் காலியாகும், அதில் எங்கள் அணியின் டெரிக் நுழைவார் என்று எழுதியிருந்தேன். பத்து பாயின்ட்டில் வெற்றி என்று எழுதினேன். பதினொன்றில் வென்றோம். 15.10.2025 அன்று கோவை அணியுடன் ஆறில் தோல்வி என்று எழுதியிருந்தேன், ஏழில் தோற்றோம். 18.10.2025 அன்று விசாகப்பட்டினம் அணியுடன் ஐந்துக்குள் வெற்றி என்று எழுதியிருந்தேன், நான்கில் வென்றோம். மூன்றும் சரியாக வந்தது அதிர்ஷ்டமா என்று என்னைக் கேட்டார்கள். இல்லை. ஒவ்வொரு அணிக்கும் பதினைந்து பழைய ஆட்டம் பார்த்தேன். இன்று கேட்டாலும் அப்படியேதான் எழுதுவேன்.

அதன் பிறகு 22.10.2025 அன்று திருவொற்றியூரில் கோதண்டம் என்ற வேன் ஓட்டுநரைச் சூதாட்ட வழக்கில் போலீசார் கைது செய்ததாகவும், அவருடைய போனில் என் தாளின் முதல் பக்கம் படமாக இருந்ததாகவும் பிறகு அறிந்தேன். 27.10.2025 அன்று அணி நிர்வாகம் டெரிக்கை ஆட்டத்தில் இருந்து நீக்கி வைத்தது. டெரிக்குக்கு வயது 24, ராயபுரத்துக்காரர், அவர் தகப்பனார் பாஸ்கல் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். கோவை ஆட்டத்துக்கு நேராக என் கையெழுத்தில் 'டெரிக், 3வது கால் பகுதி, 4க்கு மேல் இல்லை' என்று இருந்தது. அந்தப் பகுதியில் டெரிக் சரியாக நான்கு பாயின்ட்தான் எடுத்தார். அதனால் அது டெரிக்குக்குச் சொல்லிக் கொடுத்த உத்தரவு என்று சந்தேகப்பட்டார்கள்.

28.10.2025 அன்று என்னை விசாரணைக்கு அழைத்தார்கள். அது ஜோடித் தாள் என்று சொன்னதும் விசாரணை அதிகாரி, "ஜோடிச்ச பேப்பரா?" என்று கேட்டார். ஜோடித்தது இல்லை, ஜோடி பார்த்தது என்றேன். அவர் சிரிக்கவில்லை. 'இல்லை' என்றால் 'கூடாது' என்று அர்த்தமா, 'வராது' என்று அர்த்தமா என்று மூன்று முறை கேட்டார். 'வராது' என்றேன். கோவை அணியில் வேகமாக ஓடும் ஒருவரை முதல் பாதி முழுவதும் டெரிக் பிடிக்க வேண்டும், அதனால் மூன்றாவது பகுதியில் அவர் கால் எழும்பாது, அதைத்தான் எழுதினேன் என்றேன். எழுதிக்கொண்டார், நம்பியதாகத் தெரியவில்லை.

அதன் பிறகு கோதண்டம் போனில் இருந்த படத்தைக் காட்டி, யார் எடுத்தது தெரியுமா என்று கேட்டார். படத்தின் கீழ் மூலையில் தாளை அழுத்திப் பிடித்த ஒரு கட்டைவிரல் தெரிந்தது. அதில் நகம் பாதிதான் இருந்தது. என் அண்ணன் அறிவு கன்டெய்னர் யார்டில் வேலை செய்கிறார். இரண்டு வருடம் முன்பு சங்கிலியில் சிக்கி நசுங்கிய விரல் அது. நான்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஆனால் தெரியாது என்று சொன்னேன். அன்று சொன்னது பொய். அதை இப்போது திருத்திச் சொல்கிறேன்.

அன்று வீட்டுக்குப் போனதும் அண்ணனிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. "நான்தான் அனுப்சேன். நீ அத்தக் கோச்சாண்ட குடுக்கற அன்னிக்கி காலைல குளிக்கப் போயிருந்த, பேப்பரு மேஜ மேல கெடந்துச்சி. என் தங்கச்சி எழ்தினதுன்னு போட்டு யார்டு குரூப்புக்கு அனுப்சேன்" என்றார். எதற்கு என்று கேட்டதற்கு, "பெருமைக்குத்தான். எல்லாரும் சரக்கு ஏத்தி எறக்குறவங்க. எங்க வூட்ல ஒருத்தி மூளையால வேல செய்றான்னு காட்டணும்னு இருந்துச்சி. அந்தக் கோதண்டம் சூதாட்ற ஆளுன்னு எனக்கு இன்னாத் தெரியும்?" என்றார். ஒரு பக்கம் மட்டும் அனுப்பியது ஏன் என்றதற்கு, நான் குளியலறைக் கதவைத் திறந்த சத்தம் கேட்டு விட்டுவிட்டதாகச் சொன்னார். அண்ணி சாப்பாட்டுத் தட்டை எடுத்து வைத்தார், எடுத்து வைத்தபடியே இருந்தது.

மறுநாள் 29.10.2025 மாலை நான்கு மணிக்கு டெரிக் எங்கள் பிளாக்குக்கு வந்தார். மழைத் தண்ணீர் தேங்கியிருந்ததால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மாடி ஏறினார். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை. வாசலில் நின்றபடி, "எக்கா, நாலுக்கு மேல வராதுன்னு எழ்திகீற. முட்டி வீங்கிகினு ஆடினேன் அன்னிக்கி. என்னைப் பத்தி நீ இப்டித்தான் நெனச்சிகினு கீறியா?" என்று கேட்டார். போலீஸ், வழக்கு எதைப் பற்றியும் அவர் கேட்கவில்லை. இது ஒன்றைத்தான் கேட்டார்.

"உன்னக் கொற சொல்லல டெரிக்கு. நீ எவ்ளோ தூரம் ஓடணும்னு எண்ணிப் பாத்து எழ்தினேன்" என்றேன்.

"அப்போ கொச்சி ஆட்டத்துக்கு இன்னா எழ்தின?"

சொல்லச் சங்கடமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன். "மூணாவது பகுதில ஒண்ணும் வராதுன்னு எழ்தினேன். ஆட்டமும் எட்டுல போவும்னு எழ்தினேன்."

"பதினொண்ணு அடிச்சேன்" என்றார் டெரிக். சொல்லிவிட்டுச் சிரித்தார்.

25.10.2025 அன்று நடந்த கொச்சி ஆட்டத்தில் மூன்றாவது பகுதியில் டெரிக் பதினொரு பாயின்ட் எடுத்து, எங்கள் அணி மூன்றில் வென்றது உண்மை. என் தாள் தவறியது அந்த ஆட்டத்தில்தான். அன்று அரங்கத்தில் எல்லோரும் எழுந்து நின்று கத்தியபோது நான் உட்கார்ந்தே இருந்தேன், எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது டெரிக் சிரித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. தாளில் இருப்பது உத்தரவு என்றால் கொச்சியில் அவர் அதை மீறியிருக்கிறார். உத்தரவு வாங்கியவன் ஒரு ஆட்டத்தில் கேட்டு, இன்னொன்றில் அதற்கு நேர் எதிராக ஆட மாட்டான். அதைக் காட்டுவது இரண்டாம் பக்கம். அது போலீசாரிடம் இல்லை, எங்கள் அணியிடம் இருந்தது.

அதன் பிறகு 30.10.2025 காலை அலுவலகம் போய், இரண்டாம் பக்கத்தைப் போலீசில் கொடுக்கப் போவதாக அணி மேலாளரிடம் சொன்னேன். அவர் மறுத்தார். வெளியே போன தாளால் அணிக்கு ஏற்கெனவே அவமானம், மீதியும் போனால் எங்கள் ஆட்டக்காரர்களின் பலவீனம் முழுக்க எதிரணிகளுக்குத் தெரிந்துவிடும் என்றார். "அந்தப் பேப்பர ஸ்டேஷன்ல குடுத்தீங்கன்னா நாளைலருந்து இந்தப் பக்கம் வராதீங்க" என்றார். பயிற்சியாளர் அப்துல் வஹாப் அங்கே இருந்தார். அவர் தன் பையைத் திறந்து, நான் கொடுத்த அசல் தாளை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, பயிற்சிக்கு நேரமாகிறது என்று எழுந்து போனார். நான் அதை எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம், நாளை ஸ்டேஷனுக்குப் போகிறேன், உன் பெயரைச் சொல்லாமல் தாளை மட்டும் கொடுத்துவிடுகிறேன் என்றேன். அவர் சட்டை மாற்றிக்கொண்டே, "சொல்லாம வுட்டா நீ வித்தன்னு சொல்வாங்க. என் பேரச் சொல்லு. நானும் கூட வரேன்" என்றார். 31.10.2025 அன்று யார்டுக்கு விடுப்பு சொல்லிவிட்டு என்னுடன் வந்து, படம் எடுத்து அனுப்பியது தான்தான் என்று தனியாக வாக்குமூலம் கொடுத்தார். அன்று நான் இரண்டாம் பக்கத்தை ஒப்படைத்தேன். அதன் பிறகு விசாரணை அதிகாரியுடன் இரண்டு நாள் உட்கார்ந்து, கோவை ஆட்டத்தையும் கொச்சி ஆட்டத்தையும் நிறுத்தி நிறுத்திக் காட்டினேன். கோவையில் டெரிக் முதல் பாதியில் ஒரு நிமிடம் கூட உட்காரவில்லை. கொச்சியில் பயிற்சியாளர் இரண்டாவது பகுதியில் அவரை ஆறு நிமிடம் வெளியே உட்கார வைத்தார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. ஓய்வு கிடைத்தது, கால் எழும்பியது. இரண்டாவது நாள் விசாரணை அதிகாரியே ஓர் இடத்தில் வீடியோவை நிறுத்தச் சொல்லி, "இவன இவன் புடிச்சா கஷ்டம்தான்" என்றார். சரியாகச் சொன்னார்.

04.11.2025 அன்று என்னை வேலையில் இருந்து நீக்கியதாகக் கடிதம் வந்தது. 05.11.2025 அன்று டெரிக் மீது இருந்த தடையை நீக்கினார்கள். தாளை வெளியே விட்டதற்கு மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்தால் வேலை பற்றி யோசிப்பதாக மேலாளர் போனில் சொன்னார். மேஜை மேல் விட்டுப் போனது என் கவனக்குறைவு, அதற்கு மன்னிப்பு எழுதுகிறேன், அந்தத் தாளை எழுதியதற்கும் போலீசில் கொடுத்ததற்கும் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு அவர் கூப்பிடவில்லை.

வேலை போன பிறகு டெரிக்கிடம் பேசினேனா என்று கேட்டதற்கு, பேசினேன். 09.11.2025 ஞாயிறு மாலை மங்களூரு அணியுடன் திருவொற்றியூரில் ஆட்டம் நடந்தது. நானும் அண்ணனும் டிக்கெட் எடுத்து, எங்கள் அணியின் பெஞ்சுக்குப் பின்னால் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தோம். டெரிக் மங்களூருவின் கார்டு, அதாவது பந்தைத் தட்டிக்கொண்டு வரும் ஆட்டக்காரர், ஒருவரைப் பிடித்தார். அந்த ஆள் முதல் பாதியில் பதினெட்டு பாயின்ட் எடுத்துவிட்டார். இடைவேளை முடிந்து ஆட்டக்காரர்கள் திரும்பி வந்தபோது டெரிக் கம்பித் தடுப்புக்குப் பக்கத்தில் வந்து, "எக்கா, அவன் எப்போ சுட்றான், எப்போ உள்ள போறான்னே தெரில" என்றார்.

"வலது கைல தட்டிகினு வந்தா சுட மாட்டான், உள்ள போவான். எடது கைக்கு மாத்தினா நின்னு சுடுவான். மூஞ்சப் பாக்காத, கையப் பாரு" என்றேன்.

பயிற்சியாளர் அப்துல் வஹாப் நாங்கள் பேசுவதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, வேறு ஒரு ஆட்டக்காரரின் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். இரண்டாம் பாதியில் மங்களூரு ஆள் ஐந்து பாயின்ட் எடுத்தார். எங்கள் அணி ஆறில் வென்றது.

அணியில் வேலை இல்லாத நான் அப்படிச் சொன்னது விதிப்படி சரியா என்று எனக்குத் தெரியாது. அவர் கேட்டார், எனக்குத் தெரிந்திருந்தது, சொன்னேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட இதை முழுவதும் எனக்குப் படித்துக் காட்டினார்கள், நானும் ஒருமுறை படித்துப் பார்த்தேன். யாரும் பயமுறுத்தியோ ஆசை காட்டியோ என்னைச் சொல்ல வைக்கவில்லை. 28.10.2025 அன்று நான் சொன்னதில் தெரியாது என்ற ஒரு சொல் தவிர, அன்று சொன்னதும் இன்று சொன்னதும் எல்லாம் உண்மை.

(ஒப்பம்) சி. எழில்மொழி
17.11.2025, பகல் 1.40 மணி