ஆறு வண்டிகளுக்கு இடம்

டைல்ஸ் பெட்டி ஒன்று இருபத்தெட்டு கிலோ. அதைத் தோளில் தூக்கிக்கொண்டு யாரும் இரண்டு தெரு நடக்க மாட்டார்கள். நிஷ் நகரில் பத்தொன்பது வருடமாக டைல்ஸ் விற்கிறேன். கடை வாசலில் வண்டி நிற்க முடியாவிட்டால் எனக்கு வியாபாரம் இல்லை. இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது, இன்ஸ்பெக்டர்.

வண்டிகள் நடைபாதையில் நின்றன, மறுக்கவில்லை. பக்கத்து வீட்டு தெசாங்கா அம்மா கைத்தடியோடு ரோட்டில் இறங்கித்தான் நடக்க வேண்டியிருந்தது. ஒருமுறை பஸ் அவர் கோட்டை உரசிக்கொண்டு போனது. நாற்பது வருடம் மருந்துக்கடையில் வேலை பார்த்தவர். எதையும் அரைகுறையாக விட மாட்டார். தெரு முழுக்கக் கையெழுத்து வாங்கி, நகராட்சிக் கூட்டத்தில் எழுந்து நின்றார்.

"கடை இவரோடது. வர்றவங்க இவரோட ஆளுங்க. லாபமும் இவருக்கு. வண்டி நிறுத்த மட்டும் எங்க நடைபாதையா?"

"வரி கட்டறேன்ல? தெருவ நகராட்சி பாத்துக்கட்டும்" என்றேன் நான். கைதட்டல் அவருக்குத்தான் கிடைத்தது.

விதி வந்தது. கடைக்காரர் ஒரு வருடத்துக்குள் ஆறு வண்டிக்குச் சொந்த இடம் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் உரிமம் கிடையாது. நியாயமான விதி என்றுதான் இப்போது நினைக்கிறேன். ஆனால் எங்கள் தெருவில் ஆறு வண்டி நிற்கிற இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது: தெசாங்கா அம்மாவின் முற்றம்.

மரியாதையாகப் போய்க் கேட்டேன். காபி போட்டுக் கொடுத்தார்.

"உன்மேல கோவமெல்லாம் இல்ல ரத்கோ. ஆனா நான் வருஷா வருஷம் குளிர்காலத்துக்குக் குடமிளகா சுட்டு வைக்கற இடம்ப்பா இது. சாகற வரைக்கும் விக்க மாட்டேன். வேணும்னா உன் கடைக் கூரைமேல நிறுத்திக்கயேன்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

அவர் வீட்டு மாற்றுச் சாவி என்னிடம் இருந்தது. மகன் லூபிஷா வியன்னாவில் இருப்பதால், அவசரத்துக்கு என்று அவரே கொடுத்தது. செவ்வாயும் வெள்ளியும் காலையில் சந்தைக்குப் போவார். அப்போது உள்ளே போவேன். எதையும் திருடவில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். உப்பு டப்பாவைக் குளியலறையில் வைத்தேன். மூக்குக்கண்ணாடியை ஃப்ரிட்ஜில் வைத்தேன். கிழமைவாரியாக அவர் பிரித்து வைத்திருந்த மாத்திரைகளை இடம் மாற்றினேன். உயிருக்கு ஆபத்தில்லை என்று விசாரித்துக்கொண்டுதான்.

மூன்றாம் மாதம் அவரே கடைக்கு வந்தார்.

"ரத்கோ, உண்மையச் சொல்லு. நான் சரியாத்தான் இருக்கனா? நாப்பது வருஷத்துல ஒரு மாத்திர மாத்திக் குடுத்ததில்லப்பா நான்."

நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். "வயசாகுதுல்லம்மா. லூபிஷாகிட்ட நான் பேசறேன்" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்.

அக்டோபரில் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வந்ததும் நான்தான். வெறும் சட்டி, மேலே ஒரு துணி. திரைச்சீலைக்கு எட்டாத தூரமா என்று பார்த்துத்தான் வைத்தேன். புகை வந்ததும் முதலில் ஓடியவனும் நான். அதற்குச் சற்று முன் நான் அந்த வாசலிலிருந்து வெளியே வந்ததைப் பார்த்ததாக எதிர்வீட்டுக்காரி இப்போது சொல்கிறாளாம். சரியாகத்தான் பார்த்திருக்கிறாள்.

லூபிஷா வந்து அழுதான். அம்மாவுக்கு நினைவு தப்பிவிட்டது என்று டாக்டர்கள் முன்னால் நான் சாட்சி சொன்னேன். நான் பேசி முடிக்கும்வரை தெசாங்கா அம்மா ஒரு வார்த்தை மறுக்கவில்லை. தன்மேலேயே அவருக்கு நம்பிக்கை போயிருந்தது. முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். வீட்டை லூபிஷா எனக்கே விற்றான். "எங்கம்மாவ உங்கள மாதிரி யாருண்ணே பாத்துப்பாங்க" என்றான்.

முற்றத்துக்குச் சிமெண்ட் போட்டாயிற்று. ஆறு வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. நடைபாதை காலியாக இருக்கிறது. யாரும் ரோட்டில் இறங்க வேண்டியதில்லை. அந்த அம்மா கூட்டத்தில் கேட்டது இதைத்தானே.

போன ஞாயிறு இல்லத்துக்குப் போய் அவரைப் பார்த்தேன். மாதம் ஒருமுறை போவேன். என்னை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "யாருப்பா நீ?" என்று கேட்டார். இரண்டு மாதமாகவே இப்படித்தான் என்றாள் நர்ஸ். ஆக, டாக்டர்களிடம் நான் பொய் சொல்லவில்லை, இன்ஸ்பெக்டர். கொஞ்சம் முன்கூட்டிச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.