விடை தெரிந்தவர் விடைபெறும் நாள்

காஞ்சியின் நீரையெல்லாம் நிறை குறை பார்த்து நிறுத்த நெறியாளரே! சாயப்பட்டறைக் கழிவு முதல் சின்ன காஞ்சிபுரத்துக் குடிநீர்க் குழாய் வரை சொட்டுச் சொட்டாய்ச் சோதித்து, சொன்ன சொல்லில் சோர்வு காணாத தூயவரே! அன்பும் அறிவும் அளவும் ஒருங்கே அமைந்த எங்கள் நீர் ஆய்வுக்கூடத்தின் தரக்கட்டுப்பாட்டு அலுவலர், அன்னம்மாள் அம்மையாரே! வணக்கம்!

பணி ஓய்வு பெறுவோரைப் பொறுமையின் சிகரம், பண்பின் இமயம் என்று பாடுவது வழக்கம். தங்களையும் பாடலாம். ஆனால் ஒரு சொல் கூடிவிட்டாலும் "மறுபடி செய்" என்று மடலைத் திருப்பிக் கொடுக்கக்கூடியவர் தாங்கள். ஆகவே நடந்ததையே எழுதுகிறோம். நடந்ததில் பாதி எங்கள் சக ஊழியர் பரமசிவத்தின் வயிற்றெரிச்சல். எல்லாம் அவரே டீக்கடையில் எங்களிடம் புலம்பியதுதான், ரகசியம் ஒன்றுமில்லை.

வந்திருக்கும் விருந்தினருக்காக ஒரு வார்த்தை. இதில் இவ்வளவு நைட்ரேட் இருக்கிறது என்று சான்றோடு வரும் சிறு புட்டிகள் எங்களிடம் உண்டு. ஒப்பீட்டுப் பொருள் என்பார்கள். அதை நீரில் கலந்து, 'செவிலிமேடு, வீட்டுக் கிணறு' என்று பொய்ப்பெயர் ஒட்டி, உண்மையான மாதிரிகளோடு மாதிரியாக எங்கள் மேசையில் வைப்பது தங்கள் திருக்கரம்! சோதிப்பவருக்கு அது எது என்று தெரியாது. விடை தங்களுக்கு மட்டுமே தெரியும். எங்கள் கை சரியாக இருக்கிறதா என்று அப்படித்தான் பார்ப்பீர்கள்.

இங்கேதான் பரமசிவத்துக்குப் பற்றிக்கொண்டது. அடுத்த நிலையில் இருப்பவர், அனுபவத்தில் குறைந்தவர் அல்லர். பட்டுத்தறிக் குடும்பத்துப் பிள்ளை, கையில் நடுக்கமே கிடையாது. அவர் வியர்த்து விறுவிறுத்துச் சோதித்து எண்ணைச் சொல்வார். தாங்கள் "ம்" என்பீர்கள். அந்த ஒற்றை "ம்" அவருக்கு முள்ளாய்க் குத்தியது. "அந்தம்மாவுக்கு என்னாபா, விடையக் கையில வெச்சிக்கினு 'ம்' போடுது. ஒருநாள் நான் வெச்சிக்கினு இருக்கணும், அது முழிக்கணும்" என்பார். தங்கள் இடுப்பில் தொங்கிய, அந்தப் புட்டிகள் இருக்கும் குளிர்பெட்டியின் சாவியைப் பார்க்கும்போதெல்லாம், அடுத்த வீட்டு அண்டாவைப் பார்க்கும் மருமகள் மாதிரி அவர் முகம் சுண்டிப்போகும்.

சாவி அடுத்து யாருக்கு என்ற பேச்சு கிளம்பியபோது பொறாமை இன்னும் முற்றியது. நேற்று வந்த திரிஷாவுக்குத் தாங்கள் கொடுத்துவிடுவீர்களோ என்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் புதிய புட்டிகள் வந்து இறங்கின. "உள்ள வெச்சிடுபா" என்று சாவியைத் தாங்கள் முதல்முறையாக அவரிடம் நீட்டினீர்கள். வைத்தார். ஒன்றை மட்டும் வைக்கவில்லை.

நைட்ரேட் சோதிக்கும் துர்காதேவி பிரசவ விடுப்பில் இருந்ததால் அந்த வாரம் தாங்களே சோதனை மேசையில் உட்கார்ந்திருந்தீர்கள். 'மாகறல், ஏரி' என்று ஒட்டிய ஒரு குப்பி தங்கள் வரிசையில் போய் நின்றது. பரமசிவத்துக்குத் தெரிந்த விடை இருபது. தாங்கள் எழுதிய விடை நாற்பது!

அவருக்கு அன்று தலைகால் புரியவில்லை. எல்லோரும் கூடியிருந்த இடத்தில், இயக்குநர் முன்னிலையில், "மேடம், மாகறல் ஏரி இல்ல அது. நம்ம ரெஃபரன்ஸ். இருபது வரணும். நீங்க ரெண்டு மடங்கு போட்டுக்கினு இருக்கீங்க" என்று உடைத்தார். ஓய்வுபெறும் மாதத்தில், ஒரு பிழையும் ஏறாத தங்கள் பெயரில் அப்படி ஒரு பிழை ஏறப்போகிறது! தங்கள் முகம் சிவந்ததை நாங்கள் பார்த்தோம். அவருக்கு அது தித்தித்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

தாங்கள் சண்டைக்குப் போகவில்லை. கேட்டது இவ்வளவுதான்:

"எந்தப் பெட்டிலேர்ந்து எடுத்தே?"

"நேத்து வந்துதே, அதுல."

"எவ்ளோ தண்ணில கலந்தே?"

"எப்பவும் போல கால் லிட்…"

அங்கேயே நின்றுவிட்டார். புதிய புட்டிக்கு அரை லிட்டர் என்று பெட்டியின் மேலேயே அச்சிட்டிருந்தது. பழைய பழக்கத்தில் பாதி நீரில் கலந்து, இரு மடங்கு கெட்டியாக்கிவிட்டு, இருபது என்று நம்பிக்கொண்டிருந்தவர் அவர்தான். விடை தெரியாத தங்கள் கை சொன்னதுதான் சரி. அந்த நேரத்தில் பரமசிவத்தின் முகத்தைப் பார்த்தவர்கள் இன்றுவரை அதைப் பற்றிக் கிண்டல் செய்யத் துணியவில்லை. இன்றுதான் ஆரம்பிக்கிறோம்.

இயக்குநர் கோபமாக ஏதோ சொல்ல வாயெடுத்தார். தாங்கள் குறுக்கிட்டீர்கள். "சாவிய இவருகிட்டயே குடுத்துடுங்க சார். இனிமே ஜென்மத்துக்கும் பெட்டி மேல எழுதினத படிக்காம கலக்க மாட்டாரு." பிறகு இவர் பக்கம் திரும்பி, "எனக்கும் உன்மேல பொறாமைதான்பா. நீ நம்பரச் சொல்லிட்டு நிம்மதியா வூட்டுக்குப் போயிடுவே. நான் கலந்தது சரியா, தப்பான்னு எனக்கு யாரு 'ம்' போட்டாங்க?" என்றீர்கள்.

பெருந்தகையீர்! சாவியை அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

சாவி கைமாறியதிலிருந்து பரமசிவம் பெட்டியின் மேலுள்ள எழுத்தை மூன்று முறை படிக்கிறார். கலந்த பிறகு நான்காம் முறையும் படிக்கிறார். நாங்கள் எண்ணைச் சொன்னால் அவரும் "ம்" என்கிறார். ஆனால் அந்த "ம்" வெளியே வருவதற்குள் அவர் நெற்றி வியர்த்துவிடுகிறது. பொறாமை மட்டும் போகவில்லை. இப்போது அது தங்கள் ஓய்வின்மேல் திரும்பியிருக்கிறது. "அந்தம்மா இனிமே நிம்மதியா தூங்கும்பா" என்று நேற்றும் டீக்கடையில் பெருமூச்சு விட்டார்.

இந்தக் கதையை மடலிலிருந்து எடுத்துவிடச் சொல்லி அவர் எங்களைக் கெஞ்சியது உண்மை. எடுக்க மறுத்தோம். கண்ணாடிச் சட்டத்துக்குள் தங்கள் வீட்டுச் சுவரில் அவரும் கொஞ்சம் தொங்கட்டும்!

அன்னையே! பொய்ப்பெயர் ஒட்டிய குப்பிகள் இல்லாத காலைகளும், யாரும் எண் கேட்காத மாலைகளும் தங்களுக்கு வாய்க்கட்டும்! தங்கள் செவிலிமேட்டு வீட்டின் கிணற்று நீரை இனித் தாங்கள் சோதிக்க வேண்டாம், குடித்தால் போதும். நலமும் வளமும் நீண்ட ஆயுளும் பெற்று வாழ்க! இது கூடிய சொல் அன்று, குறைந்த சொல்லும் அன்று. சரிபார்த்துவிட்டோம்.

ஒருமுறை, எங்களுக்காக, "ம்" சொல்லுங்கள் அம்மா.

தங்கள் அன்பை அளக்கக் கருவி இல்லாத,
நீர் ஆய்வுக்கூட ஊழியர்கள்,
காஞ்சிபுரம்.

முதல் கையொப்பம்: ந. பரமசிவம், சாவியுடன்.