சொட்டு விட்ட கிண்ணம்

எங்கள் குடும்பத்தில் விசேஷம் என்றால் பாயசம் பரிமாற என்னைத்தான் கூப்பிடுவார்கள். முதல் இலைக்கும் கடைசி இலைக்கும் அளவு மாறாது. பிரகதீஸ்வரி கரண்டி பிடித்தால் மனத்தாங்கல் வராது என்பார்கள். நீங்கள் அந்த மருந்துக் குப்பியைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறீர்கள், உங்கள் தாளில் இதற்கு இடம் இருக்காது. இருந்தாலும் சொல்லிவைக்கிறேன், அம்மா.

புதுக்கோட்டையில் அந்தக் கருத்தரிப்பு மையத்து ஆய்வகத்தில் பத்தொன்பது வருடம் இருந்தேன். பாட்டில் கழுவத்தான் சேர்ந்தேன், மற்றதெல்லாம் பார்த்துப் பார்த்துக் கற்றது. சில பெண்களுக்கு ஊசி அதிகம் போடாமல் கருமுட்டையைப் பிஞ்சாகவே எடுத்துவிடுவோம். கண்ணாடிக் கிண்ணத்தில் சத்துநீர் விட்டு, சூடு மாறாத பெட்டிக்குள் ஒரு நாளைக்கு மேல் வைத்தால் சிலது பழுக்கும். பழுத்தால் ஓரத்தில் சிறு பொட்டு ஒன்று தள்ளி நிற்கும். அந்தப் பொட்டைப் பார்க்கத்தான் காலையில் ஓடுவேன்.

மருந்துக் கம்பெனி அரவிந்த்குமார் அந்தக் குப்பியைக் கொண்டுவந்தார். சத்துநீரில் ஒரு சொட்டு கலந்தால் நிறையப் பழுக்கும் என்றார். டாக்டரம்மா நம்பவில்லை.

"ஒவ்வொருத்தர் முட்டையையும் பாதி பாதியாப் பிரிங்க. ஒரு கிண்ணத்துல சொட்டு விடுங்க, ஒண்ணுல விடாதீங்க. ஒரு வருசம் எழுதிப் பாப்போம். நல்லது பண்ணுதா கெடுக்குதான்னு அப்புறம் பேசலாம்."

பெண்களிடம் சொல்லிக் கையெழுத்தும் வாங்கினோம். பிரிக்கிற வேலை எனக்கு. என் கைக்குத் தோதான வேலை.

ஆவூர் அடைக்கலமேரி டீச்சருக்கு அப்போது நாற்பத்தொன்று. நான்காவது முறை. கணவர் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தார். இதோடு போதும் என்று இரண்டு பேரும் முடிவு செய்திருந்தார்கள். கிடைத்தது ஐந்தே முட்டை. பக்கத்துக் கட்டிலில் திருவரங்குளத்து அமிர்தவல்லி, வயலில் கடலை போடுகிற குடும்பம், வயது முப்பத்துநான்கு. அவளுக்குப் பதினொன்று. இரண்டு பேரும் ஒரே டிபன் பாக்ஸில் புளிச்சோறு தின்று, ஒருத்தி மாதாவிடமும் ஒருத்தி அம்மனிடமும் மற்றவளுக்காக வேண்டிக்கொண்டார்கள்.

மேரியின் ஒரு முட்டையைக்கூடச் சொட்டில்லாத கிண்ணத்தில் போட எனக்கு மனம் வரவில்லை. ஐந்தையும் சொட்டு விட்ட கிண்ணத்தில் போட்டேன். ஒரு சொட்டு சொன்ன இடத்தில் இரண்டு விட்டேன்.

மறுநாள் ஐந்தும் கறுத்துச் சுருங்கிக் கிடந்தன. மருந்து கெடுத்ததா, முட்டையிலேயே வலு இல்லையா, தெரியாது. பாதியைத் தனியாக வைத்திருந்தால் ஒருவேளை தெரிந்திருக்கும்.

அமிர்தவல்லியின் சொட்டில்லாத கிண்ணத்தில் ஆறில் ஐந்து பழுத்திருந்தன. சொட்டு விட்டதில் ஐந்தில் இரண்டு. ஆக ஏழு. கிண்ணம் மாற்றும்போது இரண்டு பேர் நின்று பார்த்துக் கையெழுத்திட வேண்டும். என்னோடு நின்று பார்க்க வேண்டிய மோகனப்ரியாவுக்கு ஸ்கேன் அறையும் சேர்த்து வேலை, அதனால் அன்றைய தாள்கள் எல்லாவற்றிலும் காலையிலேயே போட்டு வைத்துவிடுவாள். பாவம், அவள்மேல் எதுவும் எழுதாதீர்கள். அமிர்தவல்லியின் சொட்டில்லாத கிண்ணத்திலிருந்து மூன்றை எடுத்து மேரி பெயர் எழுதிய கிண்ணத்தில் வைத்தேன். மேரி கணவருடைய விந்தணுவைச் சேர்த்தேன். ஏழில் மூன்று. பாதிகூட இல்லை.

மேரிக்குக் கரு தங்கியது. அமிர்தவல்லிக்கு மீதி நான்கில் ஒன்றும் தங்கவில்லை. தாளில், மேரிக்குச் சொட்டு விட்டதில் ஐந்துக்கு மூன்று, அமிர்தவல்லிக்குச் சொட்டில்லாததில் ஆறுக்கு இரண்டு. மேரியுடையதை ஏன் பிரிக்கவில்லை என்று டாக்டரம்மா முதலில் கடிந்துகொண்டார். குழந்தை பிறந்ததும் அந்தத் தாளைத்தான் எல்லோரிடமும் காட்டினார். பிரிப்பதை நிறுத்தி, வருகிறவர்கள் எல்லோருக்கும் சொட்டு என்று ஆனது. எத்தனை பேர் என்று கேட்டீர்கள். முப்பத்தாறு. பழுத்தது முன்பைவிடக் குறைவு. வயது, உடம்புவாகு என்று காரணம் எழுதினேன்.

பேனாவை வைத்துவிட்டீர்களே. தண்ணீர் குடியுங்கள், அவசரமில்லை.

மூன்று வருடம் கழித்து அமிர்தவல்லி திரும்ப வந்தாள். போனில் மேரியின் மகள் பிளெஸ்ஸியைக் காட்டினாள்.

"பாருங்கக்கா, என்னைய மாதிரியே இருக்காளாம், சர்ச்சுல எல்லாரும் கேலி பண்றாங்க. மேரியக்கா சொல்லுது, ஆஸ்பத்திரியில ஒன் புளிச்சோத்தத் தின்னதால வந்த சாயலுடின்னு."

சிரித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மேரியக்காவுக்குப் போட்ட சொட்ட எனக்கும் எல்லாத்துலயும் போடுங்கக்கா. பாதி பாதியாப் பிரிச்சுத்தான் எனக்குப் போச்சு."

இந்த முறை நான்குதான் கிடைத்தது. சொட்டு விடாமல், விட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆய்வகத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். விடாமல் வைத்து நான்கும் பழுத்துவிட்டால், அந்த முப்பத்தாறு பேருக்கும் நான் செய்தது என்ன என்பது எனக்குத் தெரிந்துவிடும். விட்டேன். நான்கும் கறுத்தன.

அவள் அழவில்லை. "ஒங்க கையில கொறை இல்லக்கா, என் ராசி அப்படி" என்றாள். பிளெஸ்ஸிக்கு வாங்கிய கவுனை எடுத்துக் காட்டிவிட்டு ஆவூர் பஸ்ஸுக்குப் போனாள்.

மேரி பெற்றாள். அமிர்தவல்லி மாதம் ஒருமுறை போய் அந்தக் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு வருகிறாள். யாருக்கும் நான் அளவு குறைத்துப் பரிமாறவில்லை, அம்மா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.