எங்கள் எருக்குழியிலிருந்து கோவிந்தன் வயலுக்குப் போன ஊசிகள் பற்றி

பெயர்: ஜெயராணி. தந்தை பெயர்: யாகப்பன். வயது: 16. பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். முகவரி: செம்மேட்டுக் கொட்டாய், நல்லம்பள்ளி வட்டம், தருமபுரி மாவட்டம்.

இதை எந்த அதிகாரியும் கேட்டு எழுதவில்லை. புதன்கிழமை இரவு, வீட்டில் எல்லோரும் படுத்த பின் நானே எழுதுகிறேன். இன்று மதியம் தலைமைக் காவலர் மாதவராஜ் எங்கள் வாசலில் நாற்காலி போட்டு எழுதிக்கொண்டு போன என் வாக்குமூலம் பொய். எங்கள் வீட்டில் ஊசி போட்டுக்கொள்பவர் யாரும் இல்லை என்று அதில் உள்ளது. அப்பா சொன்னார், அவர் எழுதினார், நான் கையெழுத்துப் போட்டேன்.

அவசரமானதை முதலில் சொல்கிறேன். எங்கள் பக்கத்து நிலத்துக்காரர் கோவிந்தனின் மனைவி காசியம்மாளின் காலில் திங்கள் காலை ஒன்பதரை மணிக்குக் குத்தியது புது ஊசி அல்ல. அது என் அண்ணன் மரிய ஆனந்த் போட்டுக்கொண்ட ஊசி. அவனுக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. ஊசி குத்திய மூன்று நாளுக்குள், நோய் தொற்றாமல் தடுக்கும் மருந்தைத் தொடங்க வேண்டும். நாளை, வியாழன் காலை ஒன்பதரையோடு அந்தக் கெடு முடிகிறது.

இனி நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். என் அண்ணனுக்கு வயது 22. பெங்களூருக்குப் பெயிண்டிங் வேலைக்குப் போனவன் அங்கே வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளப் பழகினான். போன வருடம் கிறிஸ்துமஸுக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. சுற்று ஊர்களில் அவனைப் போல ஏழெட்டுப் பேர் உண்டு. என் கொலுசும் அம்மாவின் குக்கரும் அவனால் போயின. அவன் மேல் எனக்கு இரக்கம் கிடையாது.

அதன் பிறகு தை மாதத்தில் சோபனா என்பவர் ஸ்கூட்டியில் வர ஆரம்பித்தார். அவர் ஒரு தொண்டு நிறுவனத்தின் களப்பணியாளர். ஒருவர் ஊசியை இன்னொருவர் போட்டு நோய் பரவக்கூடாது என்று, பழைய ஊசிகளை வாங்கிக்கொண்டு அத்தனைக்கும் புது ஊசி கொடுப்பார். பழையதைப் போட்டு வைக்க, நிறுவனத்தின் பெயர் ஒட்டிய கெட்டியான வெள்ளை டப்பா ஒன்றை எங்கள் வீட்டில் கொடுத்தார். மூன்று நாள் கெடுவை அன்றுதான் எனக்குச் சொன்னார். எனக்கு அவரையும் பிடிக்கவில்லை. அண்ணன் கையில் ஊசியைக் கொடுத்துவிட்டு, “சாப்டியா தம்பி?” என்று கேட்பார். எனக்கு எரியும். ஆனால் அவனைத் தருமபுரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ரத்தப் பரிசோதனை செய்ய வைத்ததும், மாதாமாதம் எச்.ஐ.வி. மாத்திரை வாங்கி வந்து கொடுத்ததும் அவர்தான்.

அதன் பிறகு சென்ற மாதம் பால் சொசைட்டி முன்பு ஊர்க்கூட்டம் போட்டு அவரை நிற்க வைத்துக் கேட்டார்கள். “ஏம்மா, குடிக்கறவனுக்கு நீ கிளாஸ் கழுவிக் குடுப்பியா?” என்று கோவிந்தன் கேட்டார். “ஒருத்தன் எச்சில்ல இன்னொருத்தன் சாவான்னா, கழுவித்தாங்க குடுக்கணும்” என்று சோபனா சொன்னார். “அப்படியே சரக்கையும் நீயே ஊத்திடு தாயீ” என்று மளிகைக்கடை முனிராஜ் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் அப்பாதான் அதிகச் சத்தமாகச் சிரித்தார். சோபனா இனி ஊருக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது என்று முடிவானது. “புதுசு வேணாம்னா வேணாங்க, பழசையாச்சும் எடுத்துட்டுப் போக விடுங்க” என்று சோபனா கேட்டபோது எல்லோரும் எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

அதன் பிறகு அண்ணன் மாத்திரையை விட்டான், ஊசியை விடவில்லை. டப்பா நிறைந்தது. ஞாயிற்றுக்கிழமை, மறுநாள் முதல் ஊசி இருக்கிறதா என்று ஊரார் வீடு வீடாகச் சோதனை போடப் போவதாகக் கோவிந்தன் சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலை பால் கறந்த பிறகு அம்மா, பெயர் ஒட்டியிருந்த டப்பாவை அடுப்பில் வைத்து எரித்துவிட்டு, ஊசிகளை மட்டும் எருக்குழியில் கொட்டிச் சாணியால் மூடினார். “அது மக்காதும்மா” என்றேன். “வாய மூடு. பேரு இல்லாத ஊசி எந்த வூட்டுதுன்னு எவனுக்குத் தெரியும்?” என்றார்.

எங்கள் நிலத்தைக் கோவிந்தனின் டிராக்டர் உழும், உழுததற்கு எங்கள் எருவை அவர் அள்ளிக்கொள்வார். இது வருடா வருடம் உள்ள ஏற்பாடு. இந்த வருடம் எரு எடுக்க வண்டி திங்கள் காலை ஏழு மணிக்கு வந்தது. அம்மா ஊசிகளைக் குழியில் கொட்டியது அப்பாவுக்கு அப்போது தெரியாது. அம்மா கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றார். இரண்டு லோடு ஏற்றினார்கள். நான் பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனேன். நான் அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அதன் பிறகு நடந்ததைப் பள்ளியிலிருந்து வந்து தெரிந்துகொண்டேன். தக்காளி நடும் வயலில் கூடையில் எரு அள்ளி வெறுங்காலோடு இறைத்துக்கொண்டிருந்த காசியம்மாளின் இடது குதிகாலில் ஊசி ஏறியது. கிளறியதில் இன்னும் பதினொன்று கிடைத்தன. ஊரை விட்டுத் துரத்திய ஆத்திரத்தில் சோபனா தன் பையிலிருந்த புது ஊசிகளை வயலில் வீசிவிட்டாள் என்று கோவிந்தன் சொன்னார். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் சோபனா தங்கியிருந்த அறைக்கு ஊரார் போய், முடியைப் பிடித்து இழுத்து வந்து அடித்து, ஸ்கூட்டியை நொறுக்கி, போலீஸில் ஒப்படைத்தார்கள். “புது ஊசிதான, முள்ளு குத்துனாப்பல” என்று கோவிந்தன் மனைவிக்கு ஒரு டி.டி. ஊசியோடு நிறுத்திக்கொண்டார். பழைய ஊசியாக இருக்கும் என்று சொல்ல ஊரில் யாருக்கும் வாய் வரவில்லை. சொன்னால் அது யார் வீட்டு ரத்தம் என்று கேட்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் காசியம்மாளின் மகளும் என் வகுப்புத் தோழியுமான காவியா, “எங்கம்மா நொண்டிட்டே பால் கறக்குதுடி. அந்தப் பொம்பளைய தூக்குல போடணும்” என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அன்று இரவு அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “வெளிய தெரிஞ்சா வூட்டக் கொளுத்திடுவாங்க. உங்கண்ணன அடிச்சே கொன்னுடுவாங்க. அந்தம்மா நாலு நாள் உள்ள இருந்தா ஒண்ணும் செத்துடாது” என்றார். “காசியம்மா அத்தை?” என்று கேட்டேன். அப்பா சோற்றைப் பாதியில் விட்டுவிட்டுக் கை கழுவப் போனார்.

ஊசி கொடுப்பது சரியா தவறா என்று என்னிடம் கேட்டால் எனக்குத் தெரியாது. சோபனா அந்த வயலில் ஊசி போடவில்லை என்பது தெரியும்.

இதை இரண்டு பிரதியாக எழுதியிருக்கிறேன். காலை ஆறு மணிக்குச் சொசைட்டிக்குப் பால் ஊற்ற வரும் காவியாவிடம் ஒன்றைக் கொடுப்பேன். அவள் அம்மாவை உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் இதைக் காட்ட வேண்டும். காவியா, நீ என்னை அடிப்பதாக இருந்தால் போய்விட்டு வந்து அடி. இன்னொன்றைக் காவல் நிலையத்தில் கொடுப்பேன். என் அண்ணனை ஊரார் கையில் விடாமல் நீங்களே வந்து கூட்டிப்போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எனக்குப் படித்துக் காட்ட இங்கே யாரும் இல்லாததால் நானே இரண்டு முறை படித்துப் பார்த்தேன். நடந்ததற்கு மேலே ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. நாளைக்கு அப்பா என்னைக் கூட்டி வந்து, இதை நான் எழுதவில்லை என்று உங்கள் முன் சொல்ல வைத்தால், நான் சொல்வதை நம்ப வேண்டாம். இதையே நம்பவும்.

(ஒப்பம்)
யா. ஜெயராணி