கதவிடுக்கில் செருப்பு

மத்தியானம் இரண்டரை மணி. விடுமுறை நாள். கிடங்குகள் மட்டுமே இருக்கிற சாலை, ஈ காக்காய் இல்லை... என்ன சிரிப்பு? பேய்க்கு ராத்திரி டியூட்டி மட்டும்தான் என்று யார் சொன்னது? கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

நடந்தது என் சகலைக்கு. பெரிய கடைகளின் குளிர் அறைகளைப் பழுது பார்க்கிறவர். இதை என்னிடம் மட்டும்தான் சொன்னார். நானும் உங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன்.

ஒரு மீன் வியாபாரியின் உறை அறை அது. இரண்டு வாரமாகச் சரியாகக் குளிரவில்லை. காற்றைக் குளிர்விக்கிற காயிலில் பனிக்கட்டி ஏறி அடைத்துக்கொள்கிறது. மீனையெல்லாம் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, காலி அறையைப் பூட்டி ஓடவிட்டுப் பார்த்தார்கள். அப்போதும் ஏறியது.

சகலை கதவு ரப்பரில் தாளை வைத்து இழுத்துப் பார்த்தார். இறுக்கமாகப் பிடித்தது. பனி உருக்குகிற ஹீட்டர் சுடுகிறது. கேஸ் சரி. உருகிய தண்ணீர் வெளியே போகிற குழாயில் அடைப்பில்லை. பனி பிடிக்க ஈரம் வேண்டுமே... பூட்டிய காலி அறைக்குள் ஈரம் எங்கிருந்து வரும்?

உள்ளே நின்று கதவின் உள்பக்கம் டார்ச் அடித்தார். தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், கையகலத்துக்கு வெண்பனி. அங்கே மட்டும். கதவோடு ஒட்டி உட்கார்ந்து ஒருவன் விடாமல் மூச்சு விட்டால் எப்படிப் படியுமோ, அப்படி.

சகலையின் கூட்டாளி மூன்று வருஷத்துக்கு முன் செத்தது அந்த அறைக்குள்தான். இங்கே வரவே அவருக்கு இஷ்டமில்லை. வர மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்களே.

கூட்டாளி செத்த அன்று உள் கைப்பிடி உடைந்திருந்தது. அந்த மாதிரி அறைக்குள் போகும்போது இவர்கள் ஒரு செருப்பைக் கழற்றிக் கதவிடுக்கில் செருகிவிடுவார்கள், கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க. கூட்டாளியும் செருகிவிட்டுத்தான் ஸ்பானர் எடுக்க உள்ளே போனான். அறையைக் குளிரவிட வந்த சகலை செருப்பைப் பார்த்தார். 'மறந்துட்டுப் போயிட்டான் சோம்பேறி' என்று காலால் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினார். வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் காலையில்தான் திறந்தார்கள்.

செருப்பு நழுவியிருக்கும் என்றார்கள் எல்லோரும். கூட்டாளியின் மனைவியும் அப்படியே நம்பினாள். சகலை வாயைத் திறக்கவில்லை.

டார்ச்சோடு நின்றவருக்கு முன்னால், கதவு... டக். சாத்திக்கொண்டது. தன் செருப்பை அவர் செருகித்தான் வைத்திருந்தார். புதுக் கைப்பிடியைத் திருகினார், அசையவில்லை. ஃபேன் நின்றது. மீன் நாற்றத்துக்கு நடுவே கிராம்பு வாசனை. கூட்டாளி எந்நேரமும் கிராம்பு மெல்லுவான். அப்புறம் காதருகே... மூச்சு.

"நான்தான்டா... நான்தான் செருப்பத் தள்ளுனேன். உன் பொண்டாட்டிகிட்ட சொல்லிடுறேன்டா. சத்தியமா சொல்லிடுறேன்!"

கதவு திறந்தது. வெளியே அவருடைய ஒற்றைச் செருப்பு, யாரோ எடுத்து ஓரமாக வைத்த மாதிரி இருந்தது.

அதோடு அறையில் பனி ஏறவில்லை. சகலைக்குக் கைராசி என்கிறார் மீன்காரர். ஆறு மாதம் ஆகிறது. சகலை அந்தப் பெண்ணிடம் இன்னும் சொல்லவில்லை.

போன வாரம் அவர் வேனில் ஏறப் போனேன்.

"பின்னாடி உக்காருங்க சகலை."

"முன்னாடி காலியாத்தானே இருக்கு?"

அவர் வண்டியைக் கிளப்பினார், நான் பின்னால் ஏறிக்கொண்டேன். முன் சீட்டின் ஜன்னலில், உள்பக்கமாக, கையகலத்துக்கு மூச்சுப் படிந்திருந்தது. கிராம்பு வாசனை. ஒரு தெருவுக்குள் திரும்பியதும் சகலை வேகத்தைக் கூட்டினார். ஒரு வீட்டு வாசலில் கூட்டாளியின் மனைவி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவளைத் தாண்டும்போது...

டொக். டொக். டொக்.

முன் சீட்டுப் பக்கத்துக் கதவு. உள்ளேயிருந்து.

சகலை வண்டியை நிறுத்தவில்லை.