ஒன்பது வீரர் போல்கா

போல்கா நடனத்துக்கு மெட்டு எழுதுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை, ஷெரீப் ஐயா. கால் தானாகத் தாளம் போட ஆரம்பித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. 'ஒன்பது வீரர் போல்கா' எப்படிப் பிறந்தது என்றுதானே கேட்டீர்கள்? முழுவதும் சொல்கிறேன். விசாரிக்க வந்த காவல் அதிகாரியாகவே இருந்தாலும், என் எதிரே உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்பவர்கள் குறைவு.

எனக்குப் பிழைப்பு குதிரைச் சேணம் தைப்பது. நம் ஊர் பேஸ்பால் குழுவுக்குப் பந்து தைப்பதும் நான்தான்: நடுவில் ரப்பர், சுற்றிலும் கம்பளி நூல், மேலே தோல். பியானோ என் ஆசைக்கு. ஒன்பது வீரர்களையும் கௌரவித்து ஒரு நடன இசை எழுதப் போகிறேன் என்றதும் எல்லோரும் முதுகில் தட்டினார்கள். கேட்க வந்தவன் ஓரின் ஒருவன்தான். மட்டைக்காரனுக்குப் பின்னால் நின்று வெறுங்கையால் பந்து பிடிப்பவன். புதன்கிழமை சாயங்காலம் வருவான். என் ரொட்டியையும் பன்றி வறுவலையும் ஒரு கை பார்த்துவிட்டு, நான் தலையசைக்கும்போது இசைத்தாளைப் புரட்டுவான். மற்ற ஆறு நாளும் நான் புதன்கிழமைக்காகவே இருந்தேன். அவ்வளவு தனிமை, ஐயா.

ஜூன் மாதம் ஒருநாள் சொன்னான்: "கல்யாணம் முடிஞ்ச கையோட இல்லினாய் போறோம் வாத்தியாரே. அவ அண்ணன் அங்க நிலம் வாங்கிப் போட்டிருக்கான். தாள் புரட்ட உங்களுக்கு வேற ஆளா கிடைக்காது?"

நாற்பத்தாறு வயது வரை எனக்குக் கிடைத்த ஆள் அவன் ஒருவன்தான்.

அடுத்த பந்தில் ரப்பருக்குப் பதிலாக ஈயக் குண்டு வைத்துத் தைத்தேன். விரல் நொறுங்கினால் ஏர் பிடிக்க முடியாது, இங்கேயே தங்கிவிடுவான் என்று எண்ணினேன். ஆட்டத்துக்கு முன் அவன் பந்தைக் கையில் உருட்டிப் பார்த்தான்.

"என்ன வாத்தியாரே, உங்க பாட்டையும் உள்ள வச்சுத் தச்சிட்டீங்களா? இந்தக் கனம் கனக்குது!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மூன்றாவது வீச்சில் பந்து மட்டையில் லேசாக உரசி அவன் நெற்றிப்பொட்டில் பட்டது. "ரன் போச்சா?" என்று கேட்டுக்கொண்டே புல்லில் உட்கார்ந்தான். பிறகு எழவில்லை.

அடக்கம் முடிந்ததும் மீதி எட்டுப் பேரும் என் வீட்டுக்கு வந்தார்கள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக என் வீட்டில் நாற்காலி போதவில்லை. வாசிக்கச் சொன்னார்கள், வாசித்தேன், அழுதார்கள். இப்போது புதன்கிழமைதோறும் வருகிறார்கள். தாள் புரட்ட அவர்களுக்குள் போட்டி.

விரலை மட்டும் உடைக்கத்தான் நினைத்தேன் என்று சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மையாகிவிட்டது. ஆனால் மேசைமேல் நீங்கள் விரித்திருப்பது அச்சகத்துக்கு நான் எழுதிய கடிதம். முகப்பில் 'காலஞ்சென்ற நம் ஓரினின் நினைவாக' என்று போடச் சொல்லியிருக்கிறேன். தேதி, ஆட்டத்துக்கு எட்டு நாள் முந்தியது.

அச்சகத்துக்காரர்கள் எப்போதும் தாமதம் செய்வார்கள், ஐயா.