சென்சியாவின் விரல் நுனி

அந்த மருத்துவமனைக் கஞ்சியில் இஞ்சி போதாது. மற்றபடி அங்கே எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. காலிபோவிலிருந்து இலோயிலோவுக்கு, கீமோ போட்ட பன்னிரண்டு முறையும் உன் அம்மா சென்சியாவுக்குத் துணையாகப் பேருந்தில் போய்வந்தவள் உன் பெரியம்மா நான்தான், மாரிசெல். நீ மணிலாவில் இருந்தாய். விரல் மரத்துப்போனதை ஏன் மறைத்தீர்கள் என்று டாக்டர் உன்னைப் போனில் கேட்டாராம். சொல்கிறேன்.

பெருங்குடலில் இருந்த கட்டியை வெட்டியாகிவிட்டது. கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும் மிச்சத்தைக் கொல்லத்தான் கீமோ. "ஒரு மருந்து விரலை மரத்துப்போக வைக்கும். நீடிச்சா உடனே சொல்லுங்க. அதை மட்டும் நிறுத்திட்டு இன்னொண்ணைத் தொடரலாம், பயமில்ல," என்றார் டாக்டர். என்னிடம்தான் சொன்னார். சென்சியா ரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தாள்.

உங்களுக்கெல்லாம் அவள் விரல்கள் மாதாகோவில் திருப்பண்டம். துணி நெய்யும் அன்னாசி இலை நார், தலைமயிரைவிட மெல்லியது. நுனியோடு நுனி சேர்த்து முடிவாள். முடிச்சு இருக்கும் இடமே தெரியாது. நாற்பது வருஷம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து நானும் அதே நாரைத்தான் முடிந்தேன். நெசவுக்காரி தோனியாங் என் நாரை வெளிச்சத்தில் பிடித்து, "என்னடி பெலிசிங், இது முடிச்சா, பேன் முட்டையா?" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். சென்சியா சிரிக்கமாட்டாள். "குடு அக்கா, நான் சரி பண்ணித் தர்றேன்," என்பாள். சிரித்திருந்தால் மன்னித்திருப்பேன்.

ஐந்தாம் முறை போகும்போது பேருந்தில் கேட்டாள்: "அக்கா, நாரைத் தொட்டா ஒண்ணுமே தெரியல. சொல்லிடட்டுமா?"

"சொல்லு. மருந்து மொத்தத்தையும் நிறுத்திடுவாங்க. நோய் திரும்பி வரும். மாரிசெல் தாயில்லாப் பொண்ணா நிக்கட்டும்."

வாயை மூடிக்கொண்டாள். நர்ஸ் கேட்கும்போதெல்லாம், "மரப்பா? நேத்துகூட நார் முடிஞ்சாளே," என்று நான் சொன்னேன். எட்டு முறை. அங்கே துணைக்கு வந்தவர் பேசினால் போதும்.

இரண்டு வருஷமாயிற்று. நோய் திரும்பவில்லை. பொத்தான் போட முடியாவிட்டால் என்ன, ஆள் இருக்கிறாள் இல்லையா? தோனியாங்குக்கு இப்போது என் நார்தான் போகிறது.

பொறாமை என்கிறாய். உணர்ச்சியற்ற விரல்களைப் பார்த்து யாருக்குப் பொறாமை வரும்? ஆனால் நான் முடிந்த நாரை உன் அம்மா தினமும் எடுத்து, உதட்டில் வைத்து மெல்ல இழுக்கிறாள். சட்டென்று நிறுத்துகிறாள். "இங்க தட்டுது அக்கா. குடு, எப்படின்னு சொல்லித் தர்றேன்."

அடுத்த மாதம் பரிசோதனை. நீ வேலையை விட்டுவிட்டா வரப்போகிறாய்? நான்தான் போவேன். உதட்டை மரத்துப்போக வைக்கவும் ஏதாவது மருந்து இருக்கும். கேட்டுப் பார்க்க வேண்டும்.